மூன்று மணிப் பள்ளம்

அம்மாவின் கடை என்பது நான்கு சக்கர வண்டி ஒன்றும் அதன் மேல் கவிந்த ஒரு தூங்குமூஞ்சி மரமும்தான். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குப் போகும் வழியில் பிரிகிற சிறு தெரு ஒன்றில், இரண்டு மாடிக் குடியிருப்பின் மதில் சுவரை ஒட்டி அந்த இஸ்திரி வண்டி நிற்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அங்கே வந்து நின்றுவிட்டது. அதன் சக்கரங்கள் உருண்டு நான் பார்த்ததில்லை.

பங்குனி வந்தால் மரம் ரோஸ் நிறத்தில் பூக்கும். பஞ்சு மாதிரி இருக்கும் அந்தப் பூ, மடித்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகள் மேல் வந்து உட்காரும். அம்மா வாயால் ஊதித் தள்ளுவாள். சித்திரை வெயிலில் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நாய்கூடப் படுக்காது. அம்மாவின் பக்கத்தில் மட்டும் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும், கொரியர் கொண்டுவருபவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வை துடைப்பார்கள். "ஏசி ரூம் மாரி கீதுக்கா" என்பார்கள். அந்த ஏசி ரூமுக்குள் அம்மா ஒருத்திதான் நெருப்போடு நின்றுகொண்டிருப்பாள். கையில் கரிப்பெட்டியின் அனல், தலைக்கு மேல் இலைகளின் குளிர்ச்சி. இரண்டாவது இருந்ததால்தான் முதலாவதைத் தாங்கினாள் என்பதை நான் அப்போது யோசித்ததில்லை. அந்த வண்டிக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய எனக்கு நிழல் என்பது காற்றுபோல, எப்போதும் இருப்பது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பொறியியல் முடித்து ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய சோலார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, கழுத்தில் மாட்டும் என் அடையாள அட்டையைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினாள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள், படத்தைப் பார்த்து நேராக்கிக்கொண்டாள். எனக்கும் பெருமைக்குக் குறைவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்: எனக்குப் பெருமை அதிகம்.

சோலார் என்றால் வெயிலைப் பற்றிய படிப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் வேலையில் பாதி, நிழலைத் தேடுவது. ஒரு மொட்டை மாடிக்குப் போனால் முதலில் பார்ப்பது எந்தத் தண்ணீர்த் தொட்டி, எந்தப் பக்கத்து வீட்டுச் சுவர், எந்தத் தென்னை எந்த நேரத்தில் எங்கே நிழல் போடும் என்பதைத்தான். ஒரு பேனல் மேல் நிழல் விழுந்தாலும் அதோடு கோத்திருக்கும் வரிசை முழுவதும் சோர்ந்துபோகும்.

அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா வீடு இருந்த மனையில்தான் குடியிருப்பே கட்டப்பட்டது. காய்கறிக்குத் துணிப்பை எடுத்துப் போவார். எல்லா வீட்டுச் சமையல் கழிவையும் வாங்கிப் பின்பக்கத்தில் மண்தொட்டிகளில் உரமாக்குவார். ஒரு நாள் சட்டைகளை வாங்க வந்தவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, உன் பொண்ணு சோலார் கம்பெனிலதானே இருக்கா? நம்ம மாடிய வந்து பாத்துட்டுப் போகச் சொல்லேன். நம்மாத்துல ஏசி ஓடறதுக்கு எங்கேயோ நிலக்கரி எரிஞ்சிண்டிருக்கு. யோசிச்சா சங்கடமா இருக்கு."

அம்மா கரிப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாளாம். "எங்கியோ இன்னா சாரு, இங்கியே எரிஞ்சிகினு கீதே!"

"அதையும் சேத்துத்தான் நிறுத்தப் போறோம்" என்று அவர் சிரித்திருக்கிறார்.

இதை அம்மா வீட்டில் வந்து அவர் குரலிலேயே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினாள். மாடியில் சோலார், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் அதிலிருந்தே மின்சாரம், மிச்சமானது மின்வாரியத்துக்குத் திரும்பப் போகும், மதில் சுவரில் அம்மாவுக்கு ஒரு பிளக் பாயிண்ட், கரிக்குப் பதில் கரண்டு பெட்டி. இதுதான் திட்டம். கரிப் புகையில் அம்மாவுக்கு வருஷக்கணக்காக இருமல். அந்த பிளக் பாயிண்ட்டை நினைத்து நான் அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன்.

மாடியைப் பார்க்கப் போன அன்று அம்மா என் நீலச் சுடிதாரைத் தனியாக எடுத்து இஸ்திரி போட்டுத் தந்தாள். அந்த மாடிக்கு அதுவரை நான் போனதில்லை. துணி மூட்டையோடு ஒவ்வொரு வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கிறேன், அவ்வளவுதான். மேலே போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன். வண்டி தெரியவில்லை, அம்மா தெரியவில்லை. பச்சையாக இலைகள் மட்டும். அதற்கு அடியிலிருந்து பெட்டியை வைத்து எடுக்கும் சத்தம், டொக், டொக் என்று வந்தது.

நிழலை அளந்தேன். மாடியின் கிழக்குப் பாதியைத் தண்ணீர்த் தொட்டிகளும் படிக்கட்டு அறையும் அடைத்திருந்தன. மீதி இடம் மேற்கில். மேற்கில்தான் மரம். மத்தியானம் மூன்று மணிக்குச் சூரியன் மரத்துக்குப் பின்னால் இறங்கும்போது, கட்டடத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் பெரிய கிளையின் நிழல் அப்படியே பேனல்கள் வர வேண்டிய இடத்தில் படுத்துக்கொண்டது.

செயலாளர் என் பின்னால் நின்றிருந்தார். இரண்டாம் மாடிப் பெண்மணி ஒருவரும் வந்திருந்தார்.

"எப்படிம்மா, தேறுமா?" என்றார் செயலாளர்.

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். கிளையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பேனல்களைக் குறைக்க வேண்டும். கிளை என்று சொன்னால் அம்மாவின் கூரை போய்விடும். குறைக்க வேண்டும் என்று சொன்னால் திட்டம் சுருங்கும், முதலில் கழிக்கப்படுவது அந்த பிளக் பாயிண்ட்டாகத்தான் இருக்கும். இன்னொன்றும் இருந்தது. அது நான் முதன்முதலாகத் தனியாகப் பார்த்த கட்டடம். சின்ன வயதில் என்னை "இஸ்திரிக்காரி பொண்ணு" என்று கூப்பிட்டவர்களின் மாடியில் நின்று "தேறாது" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நல்லா வரும் சார். சாயங்காலம் மரம் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்" என்றேன்.

கொஞ்சம். நான் படித்த படிப்பில் அப்படி ஓர் அளவு கிடையாது.

பேனல்கள் வந்தன. மின்வாரியத்திலிருந்து வந்து, மின்சாரம் போவதையும் வருவதையும் தனித்தனியாகக் கணக்கிடும் புது மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனார்கள். தொடங்கிவைக்கும் நாளில் செயலாளரின் மனைவி இன்வெர்ட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம் பழம் நறுக்கினார். "உன் அம்மாவையும் மேல கூப்பிடு" என்றார். இத்தனை வருஷத்தில் அம்மா அந்த மாடியில் ஏறியது அன்றுதான். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்து, சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"இன்னாடி இது, சும்மா கண்ணாடிப் பலக மாரி கீது. ஓட்றதே தெர்ல?"

"ஓடாதும்மா. சத்தமே வராது."

"சத்தமில்லாத வேல செய்றது நம்ம வூட்ல நீ ஒருத்திதாண்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கீழே இறங்கியதும் புதுக் கரண்டு பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். மரத்தடி ஸ்டாண்டில் மூத்தவரான ஆட்டோக்காரர் விடவில்லை.

"இன்னாக்கா, பொண்ணு சூரியனையே புடிச்சிக் குடுத்துட்டாளே! மய வந்தா எங்க சட்டயெல்லாம் கசங்கித்தான் வருமா?"

"உன் ஆட்டோவ வுட என் பொட்டி ஒயுங்கா ஓடும், போடா."

கரிப்பெட்டியைச் சாக்கில் சுற்றி வண்டிக்கு அடியில் போட்டாள். சில வாரங்களில் இருமல் குறைந்தது. பாதி ராத்திரியில் அவள் இருமி எழாமல் தூங்குவதைக் கேட்டபடி படுத்திருந்த நாட்களில், நான் சொன்ன பொய் நல்ல பொய் என்று நினைத்தேன்.

பேனல்களிலிருந்து வரும் மின்சாரத்தை என் கைப்பேசியிலேயே பார்க்கலாம். காலையில் ஒரு கோடு தரையிலிருந்து எழும், உச்சிவேளையில் வளையும், சாயங்காலம் இறங்கும். குடம் கவிழ்த்ததுபோல் இருக்கும். இந்தக் கட்டடத்தின் குடம் மட்டும் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. மூன்று மணிக்குக் கோடு சட்டென்று பள்ளத்தில் விழும். அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் ஒருமுறை பார்த்துவிட்டு "என்ன இது, மூணு மணிக்குத் தூங்கிடுது?" என்று கேட்டார். மரம் என்றேன். அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. இதோ, இந்த நேரத்தில் அம்மா நிழலில் நிற்கிறாள்.

ஆனால் பள்ளம் கரண்டு பில்லிலும் தெரிந்தது. பில் தொகை நான் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. இரண்டாம் மாடிப் பெண்மணி துணி கொடுக்க வந்த இடத்தில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கோபமாகக்கூட இல்லை, பேச்சோடு பேச்சாக. "உன் பொண்ணு சொன்ன மாதிரி வரலையேம்மா. சின்னப் பொண்ணு, கணக்கு சரியாத் தெரியாம போட்டுட்டாளோ என்னமோ."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மா குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, கணக்கத் தப்பாப் போட்டுட்டியா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். கணக்கு என்றால் என்னவென்று தெரியாத அம்மா, என் கணக்கைச் சந்தேகப்பட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடம் தொடங்கி நான் யாரிடமும் தப்பு என்ற சொல்லை வாங்கியதில்லை.

"என் கணக்குல ஒரு தப்பும் இல்ல. அந்த மரந்தான் மறைக்குது. போதுமா?"

"மரமா?"

"ஆமா. மூணு மணிக்கு மேல அந்தப் பெரிய கிளையோட நிழல் மாடியில விழுது."

"அத அவுங்களாண்ட சொல்ல வேண்டித்தான?"

"சொல்ல மாட்டேன். விடும்மா."

ஏன் சொல்ல மாட்டேன் என்பதை நான் சொல்லவில்லை. உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மாடியில் நான் மறைத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப தப்பு மரத்துதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தெருத் தெருவாகக் கிளை வெட்ட ஆட்கள் வருவார்கள். அந்த வாரம் ஒரு நாள், அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டே கைப்பேசியைத் திறந்தேன். மூன்று மணி தாண்டியிருந்தது. கோடு விழவில்லை. வளைந்து, வழுவழுப்பாக, பாடப்புத்தகப் படம்போல இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வேறு கட்டடத்தைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூடித் திறந்தேன். அதே கட்டடம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "மா, அங்க என்ன ஆச்சு?"

"ஏன், கரண்டு ஏறுதா?" குரலில் துள்ளல். "கெள வெட்ட ஆளுங்க வந்தாங்கோ. ஒயர்ல இடிக்கிறத மட்டும் வெட்டிகினு போவப் பாத்தாங்கோ. நான்தான் டீயும் வடையும் வாங்கிக் குடுத்து, இந்தப் பெரிய கெளயையும் எட்த்துடு நைனான்னேன். செகரட்டரி சாராண்டயும் கேட்டுகினேன். இப்ப எப்டி, நல்லா ஏறுதா?"

"ஏறுது" என்றேன்.

"அவ்ளோதான். இனிமே எவளும் எம் பொண்ணு கணக்கப் பத்திப் பேசக் கூடாது."

அன்று அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பினேன். தெருமுனையில் இறங்கியதும் வெளிச்சத்தில் கண் கூசியது. அந்தத் தெருவில் நான் அவ்வளவு வானத்தைப் பார்த்ததில்லை. மரத்தில் சாலைப் பக்கம் மட்டும் தலை இருந்தது. கட்டடத்துப் பக்கம் ஒரு வெள்ளை வட்டம், புதிதாக அறுத்த ஈரத்தோடு. அடியில் அம்மா, தலையில் நனைத்த துண்டு. முகமெல்லாம் சிரிப்பு. வண்டி மேல் சாயங்கால வெயில் அப்படியே விழுந்துகிடந்தது.

ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது. "நாங்க எல்லாரும் அந்தாண்ட தெருவுக்குப் போய்க்கினு கீறோம் பாப்பா" என்றார் மூத்தவர். "உங்கம்மா ஸ்டாண்டையே தூக்கிட்டா." சிரிக்கவில்லை.

"நெயலு வோணும்னா கல்யாண மண்டபத்துக்குப் போ" என்று அம்மா அங்கிருந்தே கத்தினாள்.

செயலாளர் கேட்டருகே நின்று வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணிப்பையை மடித்தார், விரித்தார்.

"எனக்கு மனசே இல்லம்மா" என்றார் மெதுவாக. "ஆனா உங்கம்மா வந்து கேட்டப்போ, நீ சொல்லித்தான் கேக்கறான்னு நெனச்சேன். நீ எஞ்சினியராச்சே. உனக்குத் தெரியாதான்னுட்டு தலைய ஆட்டிட்டேன்."

நான் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லித்தானே வெட்டினாள்? குழம்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டாள். மகளின் கணக்கா தன் தலைக்கு மேலே உள்ள நிழலா என்று வந்தபோது அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் நான்.

அடுத்த பில் வந்ததும் இரண்டாம் மாடிப் பெண்மணி "இப்ப சரியா இருக்கு. உங்க பொண்ணு கெட்டிக்காரிதான்" என்று சொன்னாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் துணி வாங்க வந்தபோது அம்மா என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, "அன்னிக்குச் சொன்னீங்களே, இன்னா சொன்னீங்க?" என்று கேட்டு, என் காதுபட இன்னொரு முறை சொல்லவைத்தாள். நான் தரையில் கிடந்த ஒரு சருகைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய குடை ஒன்று வாங்கி வண்டியில் கட்டினேன். காற்றில் திரும்பி, மடித்த துணிகளைத் தட்டிவிட்டது. நீலத் தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். பெட்டியின் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. மூன்றாம் நாள் அம்மா அவிழ்த்துப் போட்டாள். வண்டியைச் சாலைப் பக்க நிழலுக்குத் தள்ளலாம் என்றால் அங்கே வண்டிகள் போகிற வழி. ஒயரும் எட்டாது. பிளக் பாயிண்ட்டை மதில் சுவரில் அந்த இடத்தில் வைக்கச் சொன்னவள் நான்தான். அங்கேதான் நல்ல நிழல் இருந்தது.

"வேலைய விட்டுடும்மா. நான் சம்பாதிக்கிறேன்ல" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ சம்பாரிச்சா நான் எதுக்குடி குந்திகினு இருக்கணும்? எனக்கு ஒண்ணும் ஆவல. கரிய வுட இது தேவலாம்."

அது உண்மைதான். இருமல் திரும்பவில்லை. அந்தக் கட்டடத்துக்காக எங்கேயோ எரியும் நிலக்கரி கொஞ்சம் குறைந்திருக்கிறது. செயலாளர் வேறு சங்கத்துக்காரர்களை அழைத்துவந்து மாடியைக் காட்டுகிறார். அடையாறில் இரண்டு குடியிருப்புகள் அதைப் பார்த்து எங்கள் கம்பெனிக்கு வந்தன. அங்கே போய் நிழல் அளக்கும்போது, மரம் இருந்தால் முதலில் கீழே இறங்கிப்போய் அதன் அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பார்த்ததை மாடியிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம்" என்று சொல்வதில்லை. பேனல்களைக் குறைத்தால் கம்பெனியில் முகம் சுளிக்கிறார்கள். இதெல்லாம் அம்மாவின் தலைமேல் ஒரு இலையைக்கூடத் திருப்பி வைக்கவில்லை.

வெட்டிய இடத்தைச் சுற்றித் துளிர் விட்டிருக்கிறது. கிளையாகப் பல கோடை ஆகும். அது மறுபடியும் மாடிக்கு எட்டும்போது, அம்மாவே ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பல முறை வாயெடுத்திருக்கிறேன். மாடியில் நான் மறைத்தது உன் நிழலுக்காகத்தான், நீ வெட்டினது அதைத்தான் என்று. கேட்டால் அவள் தான் செய்தது தப்போ என்று நினைப்பாள். அவளுக்கு இருக்கிற ஒரே பெருமை அது. அதையும் நான் எடுத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்பது இப்போதும் தெளிவாகவில்லை.

மத்தியானம் ஆனால் கை தானாகக் கைப்பேசியைத் திறக்கிறது. அந்தக் கட்டடத்தின் கோடு ஒழுங்காக வளைந்து இறங்குவதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் அம்மாவின் தலைமேல் எவ்வளவு வெயில் விழுகிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மகள் ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டாள். சோலார் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு மேகத்துக்காகக் காத்திருக்கிறேன்.

நேற்று மூன்று மணி வாக்கில் கோடு சரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே வந்து கூப்பிட்டேன்.

"மா, அங்க மேகம் போட்டிருக்கா?"

"ஆமாண்டி, நல்லா மூடிகினு கீது. உனக்கு எப்டித் தெரியும்?" பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறுதலாகச் சொன்னாள். "கரண்டு கம்மியாவுதேன்னு கவலப்படாத கண்ணு. சின்ன மேகந்தான். இதோ, போயிடும்."